வாய் திறந்த வாசகர்

பல் டாக்டரம்மாவுக்கு நாவல் எழுதும் ஆசை நாற்பதைத் தாண்டித்தான் வந்தது. வந்த ஆசையும் சும்மா வரவில்லை, வருஷக் கடைசிக்குள் முந்நூறு பக்கம் என்ற சபதத்தோடு வந்தது. மேஜை வாங்கினாள். எழுதக் கற்றுத்தரும் புத்தகங்களை அடுக்கினாள். இணைய வகுப்பிலும் சேர்ந்தாள். நாவல் மட்டும் முதல் அத்தியாயத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

"முந்நூறு பக்கத்தை விடு. முதல்ல யாருக்காவது கதையைச் சொல்லிப் பாரு," என்றான் கணவன்.

"யார் கேப்பாங்க? நீங்க ரெண்டாவது வரியிலேயே கொட்டாவி விடுறீங்க."

"எழுந்து ஓட முடியாத ஆளாப் பிடி."

அவன் கிண்டலுக்குச் சொன்னான். மறுநாள் கிளினிக்கில் அவளுக்கு அது வேறு மாதிரி உறைத்தது. நாற்காலியில் சாய்ந்திருந்தவர் தையல்காரர். கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால், வாராவாரம் வர வேண்டியவர். பேச ஆரம்பித்தால் நிறுத்தாத மனுஷன், இப்போது 'ஆ' என்று கிடந்தார். அவள் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, வேலையோடு வேலையாகக் கதையை எடுத்துவிட்டாள். வீட்டை விட்டு ஓடிப்போன பெண் பல வருஷம் கழித்து, வேறு பெயரில், அதே வீட்டு மாடிக்கு வாடகைக்கு வருகிறாள். கீழே குடியிருக்கும் அண்ணனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

வாய் கொப்பளித்துத் துப்பியதும் தையல்காரர் கேட்ட முதல் கேள்வி பல்லைப் பற்றியதல்ல. "கூடப்பிறந்த அண்ணனுக்கா டாக்டர் அடையாளம் தெரியாது?"

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. நாள் முழுக்க அவர்மேல் கடுகடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போதுதான் பொறி தட்டியது. அண்ணனுக்குத் தெரியும்! தெரிந்தும் தெரியாததுபோல் வாடகை வாங்கிக்கொள்கிறான். ஏன்?

அந்த 'ஏன்' நாவலைக் கிளப்பிவிட்டது. முந்நூறு பக்கக் கணக்கை அவள் மறந்தாள். தையல்காரர் அடுத்து வருவதற்குள் ஒரு அத்தியாயம், அவ்வளவுதான் இலக்கு. கதை சூடுபிடித்தால், பஞ்சு நீட்ட வேண்டிய நர்ஸ் பஞ்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள்.

சிகிச்சை முடிந்து, பல்லுக்குத் தொப்பிபோல 'கேப்' மாட்டி அனுப்பிய பிறகும் ஒருநாள் அவர் வந்து நின்றார்.

"மறுபடி வலியா?"

"வலியெல்லாம் இல்லை. அண்ணன் வாயைத் திறந்தானா இல்லையா?"

அவள் சிரித்துவிட்டாள். இன்னும் எழுதவில்லை என்றதும் அவர் ஒரு வழி சொன்னார். அவருடைய அக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலக மாடிக்குப் போகிறவர். அங்கே சிலர் உட்கார்ந்து, எழுதியதை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவார்களாம்.

டாக்டரம்மா தயங்கித் தயங்கித்தான் போனாள். அங்கே யார் வாயிலும் பஞ்சு இல்லை. அழ வேண்டிய இடத்தில் ரெண்டு பேர் சிரித்தார்கள். தையல்காரரின் அக்கா அண்ணன் பக்கம் சேர்ந்துகொண்டு, "பாவம்மா அவன்," என்று மல்லுக்கு நின்றார். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு ஏறிய தாள்களோடு அவள் வெளியே வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. நூலகத்து வாசல் படியிலேயே உட்கார்ந்து, அண்ணன் முதன்முதலாக மாடிப்படி ஏறும் இடத்தை எழுத ஆரம்பித்தாள்.