கலிங்கை அடைத்த மீன்கள்

ஊர்க்காவல் ஆவியின் குடிலில் அவித்த கோழி ஒன்றும் அரிசிச் சாராயம் ஒரு புட்டியும் வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் நாக்கு தவளையாகி வயலுக்குள் குதித்துப் போகட்டும். சத்தியம் முடிந்ததும் சாராயத்தை நான்தான் குடித்தேன். ஆவிக்கு வயிற்றுப்புண்.

நான் நா தாம் என்கிற ஊர்க்காரன். ஓடையின் கீழே, பள்ளத்து வயல்களில் இருப்பது நாங்கள். மேலே மேட்டில் இருப்பது கோக் யாங். கோடையில் அந்த ஓடையில் ஒரு நாய் நக்கினால் அடுத்த நாய் ஊறும்வரை காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் அதே ஓடை வீட்டுக்குள் வந்து, சோற்றுக்கூடையைத் தூக்கிக்கொண்டு, மூடியை மட்டும் வைத்துவிட்டுப் போகும். அதனால் எங்கள் வீடுகள் கொக்கு மாதிரி நெட்டைக் கால்களில் நின்றன. ஒவ்வொரு வீட்டின் அடியிலும் ஒரு தோணி கட்டிக் கிடந்தது.

அப்புறம் அணை வந்தது. பெரிய மனிதர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டி, தன் பெயர் பொறித்த பளிங்குக் கல்லைத் திறந்துவைத்தார். அவர் செருப்பில் சேறு படக்கூடாதென்று கல்லுக்கு மட்டும் தனியாக ஒரு மேடு போட்டிருந்தார்கள். பாட்டுக்காரிகள் ஆடினார்கள். எல்லோருக்கும் பொட்டலச் சோறு.

பெரிய அணை என்று நினைத்துவிடாதீர்கள். மண்ணைக் கொட்டி இறுக்கிய கரை, அவ்வளவுதான். ஓரத்தில், கரையின் முதுகைவிடத் தாழ்வாக, மிஞ்சின நீர் தானாக வழிந்துபோக ஒரு கலிங்கு. மேலிருந்து வருகிற வெள்ளத்தைக் கரை தன் வயிற்றில் வாங்கி வைத்துக்கொண்டு, கலிங்கு வழியே கொஞ்சம் கொஞ்சமாக விடும். உள்ளே போகும்போது புலி, வெளியே வரும்போது பூனை. மண்ணை எவ்வளவு இறுக்கியிருந்தார்கள் என்றால், உள்ளே நுழைந்த மண்புழு நாடா மாதிரி தட்டையாகத்தான் வெளியே வந்தது.

பயம் விட்டுப்போனது. தோணிகளை உடைத்து அடுப்பெரித்தோம். வீட்டுக் கால்களை அறுத்துக் கோழிக்கூண்டு செய்தோம். என் அக்காள் மருமகள் லம்துவன் எல்லோரையும்விட ஒரு படி மேலே போனாள். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள் அவள். மிஞ்சியது கரைக்கு நேர் கீழே ஒரு வயலும், தோங் என்கிற எருமையும்தான். மேட்டோரம் இருந்த வீட்டைப் பிரித்து, அந்த வயலுக்கு நடுவிலேயே கொண்டுவந்து கட்டினாள்.

அவள் நாற்று அந்த வருஷம் அவ்வளவு நேராக வளர்ந்தது, நண்டுகள் ஏணி என்று நினைத்து ஏறின. எருமைக்கோ முழங்காலுக்கு மேல் தண்ணீரே படவில்லை. மெல்ல மெல்ல அது நீச்சலை மறந்தது. பனி நனைந்த புல்லில் கால் வைத்தால்கூட நின்று லம்துவன் முகத்தைப் பார்க்கும். அவள் வந்து கழுத்தைத் தட்டிக் கொடுத்தால்தான் அடுத்த கால்.

அணைத் தண்ணீரில் மீன்குஞ்சு விட்டது கோக் யாங். கோடையில் ஒருநாள் சீட்டு விற்று, சீட்டு வாங்கியவரெல்லாம் வலையோடு இறங்கலாம் என்பார்கள். வசூல் புத்தர் கோயில் கூரைக்கு. நல்ல வழக்கம்தான். ஆனால் மீன் என்பது, வழிகிற தண்ணீரைக் கண்டால் பாங்காக் பஸ்ஸைக் கண்ட இளவட்டம் மாதிரி. முதல் மழையிலேயே கலிங்கு ஏறிக் குதித்துக் கீழே வந்துவிடும். கீழே நாங்கள் வலையோடு நிற்போம். வந்த விருந்தாளியை வா என்று சொல்லாமல் இருக்க முடியுமா?

இரண்டு பருவம் பொறுத்தார்கள். மூன்றாவது பருவத்தில் கோக் யாங் தலைவர் கம்சிங், கலிங்குக்குக் குறுக்கே நெருக்கமாக மூங்கில் தட்டி கட்டினார்.

அந்த வருஷம் மழை கேட்டு அவர்கள் விட்ட வாணம் வானத்தின் தொப்புளில் போய்க் குத்தியதாகக் கேள்வி. பிடித்த மழை விடவில்லை. ஓடை கொண்டுவந்த சருகும் ஆகாயத்தாமரையும் தட்டியில் அப்பி, கலிங்கு மூக்கடைத்த கிழவன் மாதிரி ஆனது. தண்ணீர் கரையின் கழுத்துக்கு வந்தது.

லம்துவன் என்னையும் இழுத்துக்கொண்டு மேலே போனாள். கம்சிங் கரையின் மேல் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து, ஒட்டுச்சோற்றை உருட்டி மிளகாய்த் துவையலில் தொட்டுக்கொண்டிருந்தார்.

"தலைவரே, தண்ணி கரைக்கு ஒரு சாண் கீழே நிக்குது. தட்டியப் பிரிச்சு விடுங்க" என்றாள்.

"தண்ணி போகத்தான் இடுக்கு விட்டிருக்கே. தட்டி மீனுக்குத்தாம்மா."

"இடுக்கெல்லாம் ஆகாயத்தாமரை அடைச்சுக் கிடக்கு. தண்ணியும் போகல, மீனும் போகல."

"மீன் போகலைன்னா சரிதான்" என்று அவர் இன்னொரு உருண்டை போட்டுக்கொண்டார். "உங்க ஊருக்கென்ன, தட்டியப் பிரிச்சா சட்டியத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பீங்க. போன வருஷம் உங்க மாமா மட்டும் எங்க கோயில் கூரையில பாதியத் தின்னுட்டார்."

"பாதியில்ல, கால்வாசி. ஓட்டுல முள்ளு ஜாஸ்தி" என்றேன் நான்.

"பெருசு, நீங்க வாயத் திறக்காதீங்க."

லம்துவன் ஈரத்தில் மண்டியிட்டாள். "அண்ணே, மீன் எங்களுக்கு வேணாம். எங்க ஊர்ல ஒருத்தரும் வலை போட மாட்டாங்க. நானே நின்னு பாத்துக்கறேன். என் வீடு வயலுக்கு நடுவுல இருக்கு. என் எருமை அங்கதான் கட்டிக் கிடக்கு. கலிங்க மட்டும் விட்டுருங்க."

கம்சிங் கல்நெஞ்சர் இல்லை. கை கழுவிக்கொண்டு எழுந்தார், அரிவாளைக்கூட எடுத்தார். கலிங்கின் ஓரத்துக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தவர், அரிவாளைத் திரும்ப இடுப்பில் செருகினார்.

"வந்து பாரும்மா."

பார்த்தோம். லம்துவன் பேசப் போயிருக்கிறாள், தட்டி திறக்கப்போகிறது என்ற செய்தி எங்களுக்கு முன்னாலேயே ஊருக்குப் போயிருந்தது. கலிங்குக்குக் கீழே நா தாம் முழுக்க நின்றது. வீசுவலை, கைவலை, கூடை, கொசுவலை. வலை இல்லாதவன் சேலையை விரித்துக்கொண்டு நின்றான்.

லம்துவன் சரிவில் இறங்கி ஓடினாள். "வீட்டுக்குப் போங்கய்யா, உங்க காலப் பிடிக்கிறேன். நீங்க போனாத்தான் அவர் திறப்பார்."

"நீ போம்மா. நாங்க சும்மா மழை பாக்க வந்தோம்" என்றான் தலையில் கூடையைக் கவிழ்த்திருந்த ஒருவன்.

"மழை பாக்க எதுக்குடா கூடை?"

"நனையாம இருக்க."

மேலிருந்து கம்சிங் கத்தினார்: "அவங்க போகட்டும், அப்புறம் திறக்கிறேன்."

கீழிருந்து கூடைக்காரன் கத்தினான்: "முதல்ல திறங்க, அப்புறம் போறோம்."

நல்ல நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கத் தண்ணீருக்குத்தான் நேரமில்லை. கரையின் முதுகில் நூல் மாதிரி ஒரு கோடு வழிந்தது. மண்கரைக்கு அது போதும். நூல் கயிறானது, கயிறு வாய்க்காலானது, அப்புறம் கரை நடுவில் வாயைப் பிளந்தது. மேலூர்க்காரனும் கீழூர்க்காரனும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கல் இருந்த மேட்டில் ஏறினார்கள். அவ்வளவு ஒற்றுமையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

லம்துவன் மட்டும் கீழ்ப்பக்கம் ஓடினாள். எருமையின் கயிற்றை அவிழ்த்தும்விட்டாள். தோங் நீந்தவில்லை. தண்ணீர் வயிற்றுக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. கழுத்தைத் தட்டிக் கொடுப்பாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. வெள்ளம் அவளைப் பனைமரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. எருமையை எங்கே சேர்த்தது என்று தெரியவில்லை.

மறுநாள் வெள்ளம் வடிந்தபோது அவள் வயல் இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. மணல் முழுக்க மீன். கோக் யாங்கிலிருந்து கூடைகளோடு வந்தார்கள். அவள் சேற்றில் எருமையின் கொம்பு தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, மீன் கோயிலுக்குச் சொந்தம். பொறுக்கிக்கறோம்" என்றார் கம்சிங். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

"பொறுக்கிக்குங்க" என்றாள் லம்துவன். "வழியில என் வயல் எங்கயாவது கிடந்தா, அத மட்டும் வெச்சுட்டுப் போங்க."

பிற்பாடு ஓர் அதிகாரி வந்தார். ஓடையை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அப்புறம் கல்லைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"கல் இருக்கு. கல் இருந்தா அணை இருந்திருக்கணும். இப்ப இல்லைன்னா உடைஞ்சிருக்கணும். சும்மா உடையுமா? நீங்கதான் ஏதோ பண்ணியிருக்கீங்க. மீன் கீன் பிடிச்சீங்களா?"

இரண்டு ஊரும் கைகூப்பியது. அணை இருந்தது, மீனுக்காக நாங்களே உடைத்தோம் என்று சத்தியம் செய்யச் சொன்னார். செய்தோம். பெரியவர்கள் சொன்னால் மறுத்துப் பழக்கமில்லை.

லம்துவன் முன்னால் வந்தாள். "ஐயா, சின்னதா ஒரு கரை போட்டுக் குடுங்க. மண்ணு நாங்களே சுமக்கிறோம்."

"ஒரு ஓடைக்கு ஒரு அணைதாம்மா. உங்களுக்குத்தான் குடுத்தாச்சே, உடைச்சுட்டீங்க" என்றார் அதிகாரி, ரொம்பக் கனிவாக. கல்லுக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்.

இப்போதும் வருஷா வருஷம் வெள்ளம் வருகிறது. மழை தொடங்கினால் லம்துவன், பிற்பாடு வாங்கிய எருமைக் கன்றைக் கொண்டுபோய் அந்தக் கல்லில்தான் கட்டுகிறாள்.

அந்தக் கல்லுக்குப் போட்ட மேட்டைத் தவிர, எங்கள் ஓடையில் அணை என்று ஒரு கூடை மண்ணைக்கூட யாரும் எந்த நாளும் கொட்டியதில்லை.