இருநூற்று எண்பத்திரண்டாவது மலை

ஊனாவின் மலைக்கணக்கு நோட்டுக்கு டூகால்ட் சொன்ன விலை முந்நூறு பவுண்டு. சொன்ன இடம் அவளுடைய சமையலறை. பக்கத்து அறையில் அவள் சவப்பெட்டியில் இருந்தாள். சர்ச்சுக்குக் கிளம்ப இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

கறுப்பு டையை மூன்றாம் முறையாக அவிழ்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் லாக்லன், நாற்பது வருஷம் ஆணியும் பூட்டும் விற்றவன். வாங்க வருபவன் முதலில் சொல்லும் விலையைக் காதில் போட்டுக்கொள்ளும் வழக்கம் அவனுக்கு இல்லை.

"கழகத்துக்காகத்தான்டா," என்றான் டூகால்ட். ஊர் மலையேற்றக் கழகத்தின் பொருளாளர் அவன். "கண்ணாடிப் பெட்டியில வைப்போம். பக்கத்துல ஒரு அட்டை. ஊனா கில்லிஸ், தனியாளா இருநூத்தி எண்பத்தொரு மலை. சர்ச்சுலயும் அதைத்தான் பேசப் போறேன்."

"எண்பத்தொண்ணா?"

"உச்சிக்குக் கொஞ்சம் கீழதானே கிடந்தா. பாவம், இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்திருந்தா..."

அந்தப் 'பாவம்'தான் லாக்லனுக்குத் தைத்தது. இருபத்தாறு வருஷம் தபால் பை சுமந்தவளை முகத்துக்கு நேரே யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவன் வீட்டுத் தபால் ஒரு வாரம் தாமதமாகியிருக்கும்.

மூவாயிரம் அடியைத் தாண்டிய மலைகள் ஸ்காட்லாந்தில் இருநூற்று எண்பத்திரண்டு. டூகால்ட் தன் கடைசி மலையை முடித்தபோது முப்பது பேரும் பேக்பைப் ஊத ஒருவனும் கூடவே ஏறினார்கள். ஊனா எல்லாவற்றுக்கும் தனியாகவே போனாள். போகுமுன் மேசையில் ஒரு சீட்டு வைப்பாள். கடைசிச் சீட்டு இன்னும் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் கிடந்தது. 'பென் கார்வி. கிழக்கு முகடு வழியே. நாலு மணிக்கு வந்துவிடுவேன். சூப்பை அடுப்பில் வை.' லாக்லன் ஐந்து மணிக்கு மீட்புக் குழுவுக்குப் போன் செய்தான். சூப், சட்டியோடு தீய்ந்தது. இதயம் சட்டென்று நின்றிருக்கிறது என்றார் டாக்டர்.

அவள் நோட்டில் இரண்டு பத்திகள்: உச்சி, அடிவாரம். தன் காலால் கீழே வந்து சேர்ந்தால்தான் இரண்டாவதில் குறி. ஒருமுறை கடைசி இரண்டு மைலுக்கு யாரோ ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள் என்று குறி போடாமல், மறுவாரமே அதே மலைக்குப் போனாள்.

"ரெண்டு மைல்ல என்னடி கெட்டுப்போச்சு?" என்று லாக்லன் கேட்டான்.

"கடையில ஆணி நிறுக்கும்போது தட்டுல கட்டைவிரலை வெப்பியா?"

"வெச்சதே இல்லைன்னு சொல்ல முடியாது."

"அதான் நீ கடையில இருக்கே," என்றாள்.

கதவு தட்டும் சத்தம். மீட்புக் குழுத் தலைவி ஷோனா, கையில் ஒரு காகிதப் பையோடு நின்றாள். உள்ளே ஊனாவின் பூட்ஸ். ஆஸ்பத்திரியில் லேஸை வெட்டித்தான் கழற்றியிருந்தார்கள்.

லாக்லன் மூன்று நாளாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டான். "பொண்ணே, அவ விழுந்தது ஏறும்போதா, இறங்கும்போதா?"

"அதுக்குத்தான் சீக்கிரமே வந்தேன். அன்னிக்குப் புதுப்பனி எல்லாத்தையும் மூடியிருந்துச்சு, ஒண்ணும் தெரியலை. நேத்து நான் மட்டும் திரும்பப் போனேன்."

"எதுக்கு?"

"கயிறு ஒண்ணை விட்டுட்டு வந்துட்டோம்."

அந்தக் கயிறு அவன் கடைச் சரக்கு, பதினெட்டு பவுண்டு. அதற்காக யாரும் பனியில் மூவாயிரம் அடி ஏற மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

ஷோனா போனில் எடுத்த படத்தை நீட்டினாள். இரவெல்லாம் அடித்த காற்று உதிரிப் பனியைக் கூட்டித் தள்ளியிருந்தது. மிதிபட்டு இறுகிய பனி மட்டும், கவிழ்த்த கிண்ணங்கள் போல, காலடி காலடியாக மேடிட்டு நின்றது.

"இது ஏறினது. நெருக்க நெருக்கமா, மூச்சு வாங்கி வாங்கி வெச்சிருக்காங்க. இது உச்சிக் கல்குவியல், சுத்தி ஒரு வட்டம். இது இறங்கினது." அந்த அடிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி. "பாருங்க, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி. இருநூறு காலடி எண்ணினேன். அதுக்கப்புறம் இல்லை."

டூகால்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான். "வேற யாராவது போயிருக்கலாமே?"

லாக்லன் இடது பூட்ஸைத் திருப்பிக் காட்டினான். தேய்ந்த குதிகாலில் அரைநிலா வடிவத்தில் ஒரு ரப்பர் துண்டு. படத்தில், ஒன்றுவிட்டு ஒன்றாக, இடதுகால் மேடுகளின் குதியில் அதே அரைநிலா.

"நான் ஒட்டினது. கடையில ஆறு வருஷமா விலைபோகாத ரப்பர். அவதான் கிண்டல் பண்ணிக்கிட்டே போட்டுக்கிட்டா."

டூகால்ட் சட்டைப்பையிலிருந்து பேச்சுக் காகிதத்தை எடுத்து, எண்ணை அடித்துத் திருத்தினான். "ரெண்டு பத்தியிலயும் குறி போட்டுடு லாக்லன். வீட்டுக்கு வந்துட்டாளே."

"பன்னெண்டு பேர் தூக்கிட்டு வந்தீங்க. ஜீப்பையே ஒத்துக்காதவடா அவ."

ஷோனா சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐந்நூறு?" என்றான் டூகால்ட், மெதுவாக.

"நீ அட்டையை வெச்சுக்கோ."

லாக்லன் கடைப்பக்கம் போய் ஒரு ஜோடி சிவப்பு லேஸ் எடுத்துவந்து, விலைச் சீட்டைக் கிழித்துப் போட்டான். ஒவ்வொரு கண்ணாகக் கோத்து முடிந்தான். பூட்ஸை வாசலில், விரல்பக்கம் வெளியே பார்க்க வைத்தான். பிறகு நோட்டைத் திறந்து, கடைசி வரியில் ஒரே ஒரு குறி போட்டு, கீழே கோடு இழுத்துக் கூட்டினான்.

உச்சி 282. அடிவாரம் 281.