மிகிதாவுக்குக் கேட்க வேண்டிய சத்தம்

அன்று மிகிதாவுக்கு வேலையில் கடைசி நாள். அவன் கட்டிவந்த சுழல் இஞ்சினுக்கும் அதேதான். அந்த இஞ்சின் வைத்த கார் இனிமேல் ஹிரோஷிமாவிலிருந்து வராது. காலை எட்டரைக்கு ராத்திரி ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை வாசலுக்கு வருவான். பதினொரு மணி ரயிலில் சப்போரோவுக்கு, மகள் வீட்டுக்கு, ஒரேயடியாகப் போய்விடுவான்.

முப்பத்தோரு வருஷம் அந்த இஞ்சினைக் கட்டியிருக்கிறான். லைசென்ஸ் எடுக்கவில்லை. ஓடுகிற காரில் உட்கார்ந்து அதன் சத்தத்தை ஒருநாளும் கேட்டதில்லை. பிஸ்டன் கிடையாது, உள்ளே முக்கோணத் துண்டு ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் என்பான். நான் அவன் சிநேகிதன், பக்கத்து ஊரான குரேயில் கப்பல் பட்டறை வெல்டர். போன வருஷம்தான் அந்த இஞ்சின் வைத்த பழைய சிவப்பு கார் ஒன்றை வாங்கினேன். "கடைசி நாள் வாசலுக்குக் கொண்டுவர்றேன்டா" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஏழு மணிக்குச் சாவியைத் திருப்பினேன். மேட்டுத் தெரு முழுக்கக் கடல்மூட்டம். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கனாயே பிள்ளையைத் தோளில் போட்டபடி உதட்டில் விரல் வைத்தாள். மூன்று நாளாகக் காய்ச்சலில் அழுத பிள்ளை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது.

தலை குனிந்து மன்னிப்புக் கேட்டு, இஞ்சினை அணைத்துவிட்டேன்.

அணைத்த பிறகுதான் புத்தி வந்தது. இந்த இஞ்சினைச் சூடாகாமல் அணைக்கவே கூடாது. உள்ளே பெட்ரோல் தேங்கிவிடும். மறுபடி திருப்பினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. பேட்டரியும் தளர்ந்துவிட்டது.

கனாயே பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"என்னாலதானே மாமா?"

"என் மரமண்டையால."

"தள்ளிப் பாக்கலாமா? இவரையும் கூப்பிடுறேன்."

அவள் புருஷன் பனியனோடு வந்தான். "இதுக்கு ஒரு மாடு வாங்கியிருக்கலாம் மாமா, காலைல தானா எந்திரிக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே தோள் கொடுத்தான்.

கார் சரிவில் இறங்கியது. இஞ்சின் செத்துக் கிடந்தது. டயர் ஈரத்தில் உரசுவது மட்டும் கேட்டது. மூட்டத்துக்குள் வீடுகள் ஒவ்வொன்றாகக் கரைந்து பின்னால் போயின. கீழே கடல் இருக்கிற இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. நான் ஓட்டுகிற மாதிரியே இல்லை, யாரோ என்னைத் தூக்கத்தில் எடுத்துப்போகிற மாதிரி இருந்தது. இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டேன். குலுங்கியது, பிடிக்கவில்லை. மறுபடி விட்டேன். இல்லை. தபால் ஆபீஸோடு சரிவு முடிகிறது. அதற்கப்புறம் தள்ள ஆளில்லை, மிகிதாவையும் பிடிக்க முடியாது.

தபால் பெட்டி தெரிந்ததும் பெட்ரோல் மிதியைத் தரையோடு அழுத்தி, கிளட்சை விட்டேன். பின்னால் ஒரு வெடிச் சத்தம். வெள்ளைப் புகை தெருவையே மூடியது. புகைக்குள்ளிருந்து அந்த ரீங்காரம் எழும்பியது.

வாசலுக்குப் போகும்போது ஒன்பது ஐந்து. மிகிதா நடைபாதையில் பையின்மேல் உட்கார்ந்திருந்தான்.

"பாலத்துல வரும்போதே கேட்டுச்சு. ஒரு பிளக் ஒழுங்கா எரியல. கார் வச்சிருக்கியா, அடுப்பு வச்சிருக்கியாடா?"

"வாயை மூடிட்டு ஏறு."

ஏறினான். கடற்கரைச் சாலையில் வேகம் ஏற்றினேன். இஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஏழாயிரத்தைத் தொட்டபோது சத்தம் கனமிழந்து ஒரே இழையாக நீண்டது. கண்ணாடிக்கு வெளியே சிப்பி வளர்க்கும் மூங்கில் தெப்பங்கள் மூட்டத்தில் மிதந்தன. மிகிதா உள்ளங்கையைக் கதவில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"எப்படிடா இருக்கு?"

வாய் லேசாகப் பிளந்திருந்தது. தூங்கிவிட்டான்.

ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. எழுப்ப மனசு வரவில்லை. சத்தம் ஏறாமல் இறங்காமல் மிதியைப் பிடித்தபடி, விரிகுடாவை ஒட்டியே போய்க்கொண்டிருந்தேன்.