புலியும் நாரையும்

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்யும் பிரபாலினி, நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் குங்ஃபூ பழகப் போனாள். முதுகுவலிக்கு ஏதாவது பயிற்சி செய்யும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். நீச்சல் அவளுக்குக் குளிரும், ஜிம் அலுப்படிக்கும். ரயில் நிலையத்துக்குப் பின்னால், பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டு எட்டிப் பார்த்தவள், அங்கேயே சேர்ந்துவிட்டாள்.

பயிற்சி கொடுத்த ரெகுலாவுக்கும் அவள் வயதுதான் இருக்கும். தொடக்கத்தில் ரெகுலா கையை அசைக்கவே விடவில்லை. குதிரைமேல் இருப்பதுபோல முழங்காலை மடித்து, அப்படியே நிற்க வேண்டும். பிரபாலினியின் தொடைகள் வெடவெடத்தன. வீட்டுப் படிகளைக் கைப்பிடியைப் பற்றித்தான் ஏறினாள். கணவன் கஜீவன் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். ஆனால் வலி குறைந்தது. காலூன்றி நிற்பதில் ஒரு சுகம் இருப்பதும் அவளுக்குப் பிடிபட்டது.

பிறகு வரிசைகள் வந்தன. குத்து, தடுப்பு, உதை எல்லாம் ஒன்றுக்குப் பின் ஒன்றாய், எதிரி இல்லாமலே செய்து முடிக்க வேண்டிய நீண்ட கோவைகள். அவற்றில் பெரியது புலியும் நாரையும் கலந்த வரிசை. புலிக்கு விரல்களை நகங்களாக வளைத்துத் தோளிலிருந்து பலத்தை இறக்க வேண்டும். நாரைக்கு ஒற்றைக் காலில் நின்று, விரல் நுனிகளைக் குவித்துக் கொத்த வேண்டும். புலி அவளுக்குச் சுலபமாக வந்தது. நாரைதான் தள்ளாடியது. சமையலறையில் பருப்பு அவியும்வரை ஒற்றைக் காலில் நின்று நின்று அதையும் வசப்படுத்தினாள்.

பேர்னில் நடக்கும் போட்டிக்கு ரெகுலா அவளைக் கூப்பிட்டபோது, முடியாது என்று சொல்லிவிட்டாள். ஏன் என்பது கஜீவனுக்கு மட்டும் தெரியும். பள்ளி நாட்களில், கலைவிழா மேடையில் பரதம் ஆடும்போது அடவு மறந்து, பாட்டு ஓடிக்கொண்டிருக்க இறங்கி ஓடியவள் அவள். அதன்பிறகு சலங்கை கட்டவேயில்லை.

“அங்கயும் மறந்தா என்ன செய்யிறது?” என்று கேட்டாள்.

“மறந்தா மறக்கட்டும். நீர் போய்ச் செய்யும். நான் முன் வரிசையில இருப்பன்,” என்றான் கஜீவன்.

அவள் பெயரைக் கொடுத்தாள். போட்டியன்று, மண்டபத்தின் நடுவில் அவளுடைய புலி சீறிக்கொண்டு வந்தது. நாரையாக எழுந்து ஒற்றைக் காலில் நின்றாள். அடுத்தது வலமா, இடமா? தலைக்குள் ஒன்றுமே இல்லை. தூக்கிய கால் தரையில் இறங்கியது. பக்கத்தில் வாசல் கதவு திறந்து கிடந்தது.

ஓடத்தான் நினைத்தாள். ஆனால் கால்கள் தாமாகவே மடிந்து, குதிரைமேல் இருப்பதுபோல ஊன்றி நின்றன. மூச்சு திரும்பியது. நேராக நடுவர்களின் மேசைக்குப் போனாள். மறந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கலாமா என்று ஜெர்மனில் கேட்டாள். தொடங்கலாம், ஆனால் புள்ளி குறைப்போம் என்றார் தலைமை நடுவர். குறையுங்கள் என்றாள்.

பயந்தது நடந்தே முடிந்துவிட்டது. இனிப் பயப்பட ஒன்றுமில்லை. இந்த முறை புலியின் நகம் காற்றைக் கிழிக்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. நாரை எழுந்தது, அசையாமல் நின்றது, கொத்தியது, இடப்பக்கம் திரும்பியது. கடைசி வணக்கத்தில் கைகள் சேர்ந்தபோது, மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அதில் கஜீவனின் விசில் தனியாகக் கேட்டது.

புள்ளி குறைத்தும் அவளுக்கு இரண்டாம் இடம்.

திரும்பும் ரயிலில் பதக்கத்தைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். கஜீவன் ஓஸ்டர்முண்டிகனில் இருக்கும் அவள் தங்கை ஜெனனிக்குப் போன் எடுத்து, மறந்த கதையை விட்டுவிட்டுப் பரிசை மட்டும் சொல்லத் தொடங்கினான். பிரபாலினி போனை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

“ஓம் ஜெனனி, நடுவில மறந்துபோனன். எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கத் திரும்பவும் முதல்ல இருந்து செய்தனான். இரண்டாவதா வந்திருக்கிறன்.”