முதலில் சாறு

1

இந்தக் கதை எனக்கு ஓர் எலியின் வயிற்றிலிருந்து கிடைத்தது. அதிமதுரச் சாறு குடித்து, ஒரு மணி நேரம் கழித்துச் சாராயமும் குடித்த எலி. திறந்து பார்த்தால் உட்சுவரில் ஒரு புண்கூட இல்லை. பக்கத்துத் தட்டில், சாறு இல்லாமல் சாராயம் மட்டும் குடித்த எலியின் வயிறு சிவப்புக் கோடுகளாய்க் கிழிந்திருந்தது. (இரண்டுமே செத்தவை. கொன்றால்தான் திறக்க முடியும்.)

முதலில் எழுதிய தொடக்கம்: ‘வேரின் இனிய மணம் ஆய்வுக்கூடமெங்கும்...’ வேண்டாம். அங்கே எலி மூத்திர வாடைதான்.

2

அவள் அந்தச் சாற்றைத் தயாரிக்கும் ஆய்வு மாணவி. அவளுடைய அண்ணன் வெல்டர். முதுகுவலிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கியே வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டவன்.

“எலிக்கெல்லாம் ராஜ வைத்தியம், கூடப் பொறந்தவனுக்கு ஒண்ணுமில்லையா?”

“இது மருந்து இல்லண்ணா. புண்ணு வராம தடுக்குதான்னு பாக்குறோம். அதுவும் எலிக்கு.”

“நானும் வீட்ல எலி மாதிரிதான் இருக்கேன். உன் அண்ணியக் கேளு.”

அவள் சிரித்தாள். சிரித்தபடியே ஆய்வுமுறையையும் சொல்லிவிட்டாள்.

(இவன் இவ்வளவு வேடிக்கையாகப் பேசுவானா? சந்தேகத்தில் அவன் பேச்சை அடித்துவிட்டேன். கதை படுத்துவிட்டது. திரும்பப் பேச விட்டேன்.)

3

கடையில் அதிமதுரப் பொடி வாங்கினான். எலிகளின் முறையையே பிடித்துக்கொண்டான்: முதலில் பொடி, ஒரு மணி நேரம் கழித்து மாத்திரை. எரிச்சல் அடங்கியது. இனி வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று மாத்திரையை இரட்டிப்பாக்கினான். டாக்டரிடம் போவதை விட்டான். இதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

* காக்கப்பட்ட எலிக்கு மறுநாள் என்ன ஆகும் என்று ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. அதற்கு மறுநாளே கிடையாது.

4

“உன் வைத்தியம் பிரமாதம்,” என்றான் போனில். “நாலு நாளா தார் மாதிரி கறுப்பாப் போகுது. உள்ள இருந்த அழுக்கெல்லாம் வெளிய வருது போல. தலைதான் லேசா சுத்துது.”

அது அழுக்கில்லை, ரத்தம்.

“அண்ணா, வேலைய அப்படியே போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு. நானும் வர்றேன்.”

“ஒரு கேட் வேலை பாதியில நிக்குதுடி. சாயங்காலம் பாக்கலாம்.”

வைத்துவிட்டான்.

5

ஒரு முடிவில், அவள் பட்டறைக்குப் போய்ச் சேர, அவன் திட்டிக்கொண்டே ஆட்டோவில் ஏறுகிறான். இன்னொன்றில், பட்டறை வாசலில் கூட்டம், பாதி வெல்டிங் ஆன கேட்டின் அடியில் அவன்

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

எது நடந்தது என்று தெரிய வேண்டுமானால் அவன் வயிற்றுக்குள் பார்க்க வேண்டும். இந்தக் கதையில் ஏற்கெனவே இரண்டு வயிறுகள் திறந்து கிடக்கின்றன. மூன்றாவதை நான் தொட மாட்டேன்.

அவள் ஏறிய ஆட்டோ சிக்னலில் நிற்கிறது. அவள் மறுபடி அழைக்கிறாள். அண்ணனின் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அதை எடுப்பது யார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.