வாட்ச்மேன் விழுங்கிய பாதி வாக்கியம்

1
இந்தக் கதை எனக்கு ஓர் ஆங்கில வகுப்பில் கிடைத்தது. மழைக்கு ஒதுங்கினேன். [பொய். கதை தேடித்தான் போனேன்.] அன்று ‘ப்ரொவைடட் தட்’, ‘அன்லெஸ்’ பாடம், ‘இருந்தால்தான்’, ‘இல்லாவிட்டால்’ என்று நிபந்தனை போட்டு வாக்கியங்களை இணைப்பது. எல்லோரும் மழை, குடை என்று ஒப்பேற்றிக்கொண்டிருக்க, கடைசி வரிசையில் ஓர் இஸ்திரிக்காரி எழுந்தாள்: “ஐ வில் அயர்ன், ப்ரொவைடட் தட் யு நோ ஷவுட்.” அந்த நிமிடமே அவளைக் கதைக்குத் தூக்கிவிட்டேன்.

2
அவள் கடை, ஒரு மாடிவீட்டின் கீழ் அறை. நடுவில் திரை. திரைக்குப் பின்னால் கட்டிலில் கணவன். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவன், இடுப்புக்குக் கீழே அசைவில்லை. புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டுமே, அதனால் தன் கண் பார்வையிலேயே வைத்திருக்கிறாள். வீட்டுக்காரம்மாவுக்கு ஆங்கிலம் மட்டும்தான் வரும். இருவர் பேச்சையும் மொழிமாற்றிச் சொல்பவர் அந்த வீட்டு வாட்ச்மேன்.

[முதல் வரைவில் அவர் வில்லன். என் அவசரம். தங்கமான மனிதர், அதுதான் வினை.]

3
வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நாள். தேய்த்துக்கொண்டே நின்றவளிடம் வீட்டுக்காரம்மா நீளமாகப் பேசினார்.

“இருந்துக்கோன்னு சொல்றாங்கம்மா,” என்றார் வாட்ச்மேன்.

நடுவே ‘ப்ரொவைடட் தட்’ வந்ததை அவள் கேட்டுவிட்டாள். “மீதி எங்கண்ணே?”

“மீதியெல்லாம் ஒண்ணுமில்ல...”

“அவரை வேற எங்கயாவது கொண்டுபோய் விட்டாத்தான் கடைன்னு சொன்னாங்க. அதானே?”

வாட்ச்மேன் தலை குனிந்தார். “போன வருஷமும் அதான் சொன்னாங்க. எந்த வாயால உங்கிட்ட சொல்றது? நீ சரின்னுட்டேன்னு அவங்ககிட்ட நானே சொல்லிட்டேன்.”

ஆக, ஒரு வருடமாக வீட்டுக்காரம்மாவின் கண்ணுக்கு இவள் சொன்ன சொல் தவறியவள். அவள் கண்கள் கலங்கி

[கலங்கவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சட்டை கருகிவிடுமே.]

“மேடம், ஐ ஸ்டே, ஆஸ் லாங் ஆஸ் ஹி ஸ்டே. அன்லெஸ் ஹி ஸ்டே, ஐ கோ.”

வகுப்பு ஆசிரியர் திருத்தியிருப்பார். நான் எழுந்து கும்பிட்டிருப்பேன். பிழைப்பையே பணயம் வைத்துப் பேச எனக்கு என் தாய்மொழியில்கூட வந்ததில்லை.

4
முடிவுகள். (அ) வீட்டுக்காரம்மா மனம் இளகுகிறார். சினிமா. (ஆ) கடை காலி, இஸ்திரிப் பெட்டி தெருவில். எழுத மனசு வரவில்லை.

(இ) வாட்ச்மேன் சமாளிக்க வாயைத் திறக்கிறார். “நீங்க சும்மா இருங்கண்ணே, அவங்களே சொல்லட்டும்,” என்கிறாள். வீட்டுக்காரம்மா முதல்முறையாகத் திரையை விலக்கிப் பார்க்கிறார். திரும்புகிறார். பேசப்போகிறார்.

என்ன பேச வேண்டும் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கடையைக் காப்பாற்றுங்கள், பூட்டுங்கள், உங்கள் இஷ்டம். என் நிபந்தனை ஒன்றுதான்: அவள் எங்கே போனாலும் அந்தக் கட்டிலும் கூடவே போக வேண்டும்.