முழிச்சி

குருவம்மாளின் மகள் பிறந்து முப்பத்தோரு நாள் ஆகியிருந்தது. அதில் அவள் தூங்கிய நேரத்தைவிட முழித்திருந்த நேரம்தான் அதிகம். காலை எட்டு மணிக்குக் கண்ணைத் திறந்தாள் என்றால் மத்தியானம் இரண்டு, இரண்டரை வரைக்கும் மூட மாட்டாள். ஓயாமல் அழுகிற பிள்ளை என்றால் வயிற்றுவலி, காதுவலி என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இவள் அழவும் மாட்டாள், தோளில் போட்டுக்கொண்டு யாராவது நடந்துகொண்டே இருந்தால். நின்றால் சிணுங்குவாள். உட்கார்ந்தால் வீடு இரண்டாகும்.

பிரசவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள் குருவம்மாள். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்து வருசம் பல ஆகிவிட்டதால் அவளுக்குத் தாய்வீடு என்றால் அண்ணன் சிவனாண்டியின் வீடுதான். இரண்டு அறையும் ஒரு அடுப்படியும். சிவனாண்டி பால்கோவா கிண்டுகிறவன். விடிவதற்கு முன்னால் போய் விறகடுப்பின் முன் நின்றால், பால் சுண்டித் திரளும்வரை கரண்டியை நிறுத்தக் கூடாது. ஒரு நிமிசம் கை ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும். ஒரு மணிக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தான் என்றால் நாலு மணிக்கு மறுபடியும் அடுப்பு. நடுவில் கிடைக்கிற அந்தத் தூக்கத்தை வைத்துத்தான் அவன் உடம்பு ஓடியது.

அதனால் மதினி சந்தனம் வீட்டையே வாய்மூட வைத்திருந்தாள். டிவி போடுவதில்லை. விசில் அடிக்கும் என்று குக்கர் வைப்பதில்லை. கதவுக் கொண்டிக்குப் பழந்துணி சுற்றியிருந்தாள். காய்கறி வண்டி தெருமுனையில் திரும்பினாலே ஓடிப்போய், கத்தாதே என்று கையைக் காட்டுவாள். சத்தத்தில்தான் பிள்ளைக்குத் தூக்கம் கெடுகிறது என்பது அவள் எண்ணம். ஆனால் வீட்டில் சத்தம் குறையக் குறையப் பிள்ளையின் கண் பெரிசாகிக்கொண்டே போனது. முழிச்சி என்று பேர் வைத்ததும் சந்தனம்தான்.

எதிர்வீட்டு ஆவுடையம்மாள் தினமும் பார்க்க வந்தாள். பச்சைப் பிள்ளை இப்படிப் பகல் பூராவும் முழித்துக் கிடப்பது வீட்டுக்கு ஆகாது என்றாள். நாங்கள் தறி வேலைக்காரர்கள், எங்களுக்கு முழித்துக் கிடந்தால்தான் பிழைப்பு, என் மகள் இப்போதே பழகுகிறாள் என்று குருவம்மாள் சொன்னதும், பிரசவமானவளுக்கு இவ்வளவு வாய் ஆகாது என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

குருவம்மாள் சொன்னது வீம்புக்குத்தான். உள்ளுக்குள் அவளுக்கும் முடியவில்லை. பிள்ளை கொஞ்சம் அசந்தால்கூட இவளுக்குத் தூக்கம் வராது. இடுப்பு விண்விண் என்று தெறிக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டியாயிற்று. எடை ஏறியிருக்கிறது, நன்றாகப் பால் குடிக்கிறாள், சில பிள்ளைகள் இப்படித்தான் குறைவாகத் தூங்கும் என்று டாக்டரம்மா சொன்னார். தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் வாயில் வைத்துவிடாதே என்று நர்ஸம்மா இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

அன்றைக்குத்தான் சிவனாண்டி அடுப்பு முன்னால் நின்றபடியே கண்ணசந்து போனான். எவ்வளவு நேரம் என்று அவனுக்கே தெரியாது. ஒரு சட்டிப் பாலும் அடிப்பிடித்துக் கருகிவிட்டது. முதலாளி எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டார், தூங்குவதற்கா வேலைக்கு வருகிறாய் என்று. வீட்டுக்கு வந்து நடந்ததை மட்டும் சொன்னான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அதைப் பார்க்கச் சகிக்காமல் சந்தனம் எழுந்து போனாள். வரும்போது கையில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது.

"அரை மூடி குடுத்தாப் போதும், நாலு மணி நேரம் அசைய மாட்டா. ஆவுடையம்மா மக பிள்ளைக்கு இதத்தான் குடுத்தாவளாம்."

குருவம்மாள் வாங்கிப் பார்த்தாள். "இது சளிக்கு உள்ளதுல்லா மதினி. இவளுக்குச் சளி இல்லையே."

"தூக்கம் இல்லைல்லா."

"தூக்கம் இல்லாதது ஒரு சீக்கா?"

"உங்க அண்ணனுக்குச் சீக்காயிரும்ட்டி," என்றாள் சந்தனம். அதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

மதினி கெட்டவள் இல்லை. பிரசவத்தன்று ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவள் அவள்தான். ஆனாலும் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இந்த மருந்து இவள் வாய்க்குள் போகாது என்று சொல்லிவிட்டாள். நாளை மத்தியானம் உன் அண்ணன் படுக்கிறபோது பிள்ளை தூங்க வேண்டும், அது எப்படி என்று நீயே பார்த்துக்கொள், இல்லையென்றால் நான் ஊற்றுவேன் என்றாள் மதினி. பாட்டில் ஜன்னலில் ஏறி உட்கார்ந்தது.

மறுநாள் காலையில் மாவு தீர்ந்துவிட்டது. வழக்கமாக வெளியே கொடுத்து அரைத்து வாங்குவாள் சந்தனம். அன்றைக்கு அந்தக் கடை பூட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக் கிரைண்டரைப் போட்டாள். பழைய கிரைண்டர். கல் சுற்றியதும் தரையே கடகடவென்று அதிர்ந்தது.

குருவம்மாள் தோளில் பிள்ளையோடு நடந்துகொண்டிருந்தாள். தோள் திடீரென்று கனத்தது. குனிந்து பார்த்தால் பிள்ளையின் கண் மூடியிருக்கிறது. பயந்துபோய் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வெதுவெதுப்பாக வந்தது. தூக்கம்தான். பத்தரை மணிக்குத் தூக்கம். கால் மணி நேரம் போனது. கிரைண்டர் நின்றது. யாரோ தட்டி எழுப்பியதுபோலப் பிள்ளை கண்ணைத் திறந்தாள்.

"மதினி, அத மறுபடியும் போடுங்க."

"மாவுதான் அரைச்சாச்சே."

"சும்மா போடுங்க."

வெறுங்கல் ஓடினால் தேய்ந்துபோகும் என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு கை அரிசியும் தண்ணீரும் விட்டுப் போட்டாள் சந்தனம். பிள்ளையின் இமை ஒருமுறை ஏறியது, இறங்கியது, அப்படியே நின்றுவிட்டது.

குருவம்மாளுக்கு நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ராஜபாளையத்தின் ஓரத்தில், பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு விசைத்தறி செட்டில் ஆறு வருசமாக வேலை பார்க்கிறவள் அவள். வயிற்றில் எட்டு மாசம் ஆகும்வரை தறி முன்னால்தான் நின்றாள். குடியிருப்பது அந்தச் செட்டிலிருந்து நாலாவது வீடு. அங்கே இருபத்துநாலு மணி நேரமும் தறி ஓடும். அந்தத் தெருவில் யாரும் சத்தம் கேட்டு முழித்ததாகக் கிடையாது. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் தெரு மொத்தமும் ஒரே நேரத்தில் எழுந்து உட்காரும். சத்தம் நின்றுவிட்டது என்ற பயத்தில் முழிக்கிற தெரு அது. அந்தத் தெருப் பிள்ளையைக் கொண்டுவந்து, கொண்டிக்குத் துணி சுற்றிய வீட்டில் போட்டு, தூங்கு தூங்கு என்றால் எப்படித் தூங்குவாள். தனக்கே ஒரு மாசமாக ஏன் தூக்கம் வரவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

புருசன் பாண்டிதுரைக்குப் போன் போட்டாள். அதே செட்டில் தறி ரிப்பேர் பார்க்கிறவன்.

"செட்டுக்குள்ள போயி போனைத் தறிப் பக்கம் தூக்கிப் பிடிங்க."

"என்னத்துக்குட்டி?"

"உங்க மகளுக்குத் தூக்கம் வருதாம்."

அவன் சிரித்துக்கொண்டே போனை ஒரு தறியின் மேல் கட்டிவைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். இவள் தன் போனை ஒரு எவர்சில்வர் சட்டிக்குள் வைத்தாள். சத்தம் சட்டியில் மோதிப் பெருகி அறை பூராவும் நிறைந்தது. பிள்ளை இரண்டரை மணி நேரம் தூங்கினாள். பக்கத்தில் குருவம்மாளும் தூங்கினாள், வாயைத் திறந்துகொண்டு.

எழுப்பியது சந்தனம். சிவனாண்டி வந்து படுத்துப் புரண்டு மறுபடியும் எழுந்து உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குள் தறியைக் கொண்டுவந்து போட்டுவிட்டீர்களா என்று கேட்டான். அதில் கோபம் இல்லை, அலுப்புதான். மதினி போனை எடுத்து அணைத்தாள். சொல்லிவைத்ததுபோல முழிச்சி முழித்தாள்.

"ஒண்ணு, அந்தச் சத்தம் நிக்கணும். இல்ல, மருந்து உள்ள போகணும்," என்றாள் சந்தனம்.

"ரெண்டும் வேண்டாம் மதினி. நாங்க வீட்டுக்குப் போறோம்."

சந்தனத்துக்கு ஒரு நிமிசம் விளங்கவில்லை. விளங்கியதும் அடுக்க ஆரம்பித்தாள். நாற்பது நாள் ஆகாமல் பிள்ளை பெற்றவள் படி தாண்டக் கூடாது. மூன்றாம் மாசம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து அழைத்துப் போவதுதான் முறை. இப்படிப் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனால், நாத்தனாரை மதினிக்காரி விரட்டிவிட்டாள் என்று ஊர் தன்னைத்தான் பேசும்.

"பேசட்டும் மதினி. அவியளுக்கும் தூக்கம் வராமத்தான் பேசுதாவ போல."

ஜன்னலில் இருந்த பாட்டிலை எடுத்து வாசல் சாக்கடையில் கவிழ்த்தாள். கழுவி, மூடி போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள். சந்தனம் பார்த்துக்கொண்டே நின்றாள். தடுக்கவில்லை.

சிவனாண்டி சட்டையை மாட்டிக்கொண்டு பையைத் தூக்கி வந்தான். பஸ் ஸ்டாப்பில் பிள்ளையின் முகத்தில் வெயில் படாமல் குறுக்கே நின்றான். பஸ் தெரிந்ததும், "நீ இருந்தா இரு. திட்டு விழுந்தா நான் வாங்கிக்கிடுதேன்," என்றான்.

"போயித் தூங்குண்ணே. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

பஸ்ஸில் இஞ்சின் பக்கத்து இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் பிள்ளைக்கு எத்தனை நாள் என்று கேட்டாள். முப்பத்திரெண்டு என்றாள் இவள். நாற்பது ஆகவில்லையா என்று அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்தாள். எட்டு நாளில் ஆகிவிடும் என்றாள் குருவம்மாள். அதற்குப் பிறகு அந்த அம்மாள் ஜன்னலைத்தான் பார்த்தாள். இஞ்சின் உறுமினாலும் ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்று நின்று போனதில் பிள்ளை தூங்குவதும் முழிப்பதுமாக வந்தாள்.

ராஜபாளையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, தெருமுனையில் இறங்கியபோது குருவம்மாளின் கால் நின்றுவிட்டது. தெருவில் சத்தமே இல்லை. இரண்டரை மணிக்கு அடித்த காற்றில் வேப்பங்கிளை ஒன்று முறிந்து ஒயர்மேல் விழுந்து கரண்ட் போயிருந்தது. தறி ஒன்றுகூட ஓடவில்லை. ராத்திரி வேலைக்குப் போக வேண்டியவர்கள் தூக்கம் கலைந்து வாசலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

இவளைப் பார்த்ததும் சுற்றிக்கொண்டார்கள். பாண்டிதுரை கையில் கிரீசோடு ஓடிவந்து, பிள்ளையைத் தொடப் போய், கையைப் பார்த்துவிட்டு நின்றான். பிள்ளை எல்லாரையும் ஒவ்வொருவராக அகலக் கண்ணால் பார்த்தாள். பக்கத்துவீட்டு வேலுசாமி, தறி ஓட்டுகிறவர், குனிந்து பார்த்தார்.

"கரண்ட் இல்லைன்னா முழிச்சிருக்கு. இது நம்ம தெருப் பிள்ளைதான், வேற அடையாளம் என்னத்துக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். குருவம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீராப்பாக வந்தாயிற்று. இங்கே இந்த அமைதி. பஞ்சுத் தூசியடிக்கிற செட்டுக்குள் பிள்ளையைக் கொண்டுபோக முடியாது, போனாலும் தறி ஓடாது. ஐந்து மணி வரை நடந்தாள். பாண்டிதுரை கையைக் கழுவிவிட்டு வாங்கிக்கொண்டு ஐந்தரை வரை நடந்தான். இவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிள்ளையின் கண் விளக்குப்போல எரிந்துகொண்டே இருந்தது.

போன் அடித்தது. மதினி.

"போய்ச் சேந்திட்டியாட்டி?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. அண்ணன் நன்றாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போனான் என்றாள். கொண்டித் துணியை அவிழ்த்துவிட்டதாகவும் சொன்னாள். பிறகு, கேட்க நினைத்ததைக் கேட்டாள். "பிள்ள தூங்கிட்டாளா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மதினிக்கும் நிம்மதி, தனக்கும் கௌரவம். குருவம்மாள் மகளைப் பார்த்தாள். அப்பன் தோளிலிருந்து மகளும் அவளைப் பார்த்தாள்.

"இல்ல மதினி. முழிச்சித்தான் இருக்கா."

"அப்பறம் எதுக்குட்டி அம்புட்டு அவசரமாப் போன? நான் சொன்னதக் கேட்டிருந்தா..."

"முழிச்சிருந்தா இருக்கட்டும். தானா மூடுற அன்னிக்கி மூடட்டும். மருந்த ஊத்தி மூட வைக்க மாட்டேன், அம்புட்டுத்தான் மதினி."

அந்தப் பக்கம் சந்தனம் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் வீட்டு டியூப்லைட் இரண்டு தடவை கண்ணடித்துவிட்டு எரிந்தது. வாசல்களில் இருந்தவர்கள் எழுந்து செட்டைப் பார்த்து ஓடினார்கள். முதலில் ஒரு தறி தட்டியது. பிறகு பக்கத்துத் தறி, அதற்குப் பக்கத்துத் தறி. கொஞ்ச நேரத்தில் சுவரும் தரையும் சேர்ந்து தட்ட ஆரம்பித்தன.

"என்னட்டி அது, ஒண்ணுமே கேக்கல," என்று கத்தினாள் சந்தனம்.

"உங்களுக்குக் கேக்கலையா மதினி? எங்களுக்கு நல்லாக் கேக்கு," என்றாள் குருவம்மாள்.

போன் மடியில் சரிந்தது. பாண்டிதுரை திரும்பிப் பார்த்தபோது அவள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். அவன் தோளில் முழிச்சி இன்னும் முழித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுடைய இமை மட்டும், தறியின் தட்டுக்கு ஒன்றாக, மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.